ஒப்பந்தம் கையெழுத்தானதும் வெளிநாட்டார் கிளம்பிவிடலாமா? அச்சேவை முன்வைத்து

கடல்நாகை:

போர் முடிந்து ஒப்பந்தம் போட்ட இடங்களைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் அது கையெழுத்து நாளோடு நின்றுவிடுகிறது. யார் நடுவர், எந்த ஊரில் உட்கார்ந்தார்கள், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதோடு சரி. அதற்குப் பிந்தைய வருடங்களை யாரும் தொடுவதில்லை. என்னைப் பொறுத்தவரை சமாதானம் பிழைப்பதும் சாவதும் அந்த வருடங்களில்தான். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது இந்தோனேசியாவின் அச்சே. சுமத்ராவின் வடமுனை. 1976 டிசம்பரில் ஹசன் டி டிரோ தொடங்கிய சுதந்திர அச்சே இயக்கம் (சுருக்கமாக 'காம்') கிட்டத்தட்ட முப்பது வருடம் ஜகார்த்தாவுடன் மோதியது. லோக்சுமாவே பக்கத்து ஆருன் எரிவாயு வயலின் பணம் தலைநகருக்குப் போனது, ஊர் ஏழையாகவே கிடந்தது. 1989 முதல் 1998 வரை மாகாணமே ராணுவ நடவடிக்கைப் பகுதியாக இருந்தது. செத்தவர்கள் பதினைந்தாயிரம் பேர் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

2005இல் ஹெல்சின்கியில் ஒப்பந்தம் ஆவதற்கு முன்னால் ஒரு முயற்சி நடந்து தோற்றது, பலருக்கு நினைவிருக்காது. 2002 டிசம்பரில் ஜெனிவாவில் ஹென்றி துனான் மையம் என்ற மத்தியஸ்த அமைப்பு நடுவில் இருந்து ஒரு போர்நிறுத்தம் போட்டார்கள். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ராணுவ அதிகாரிகள் கண்காணிப்புக்கு வந்தார்கள். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. 2003 மே மாதம் ராணுவச் சட்டம், மறுபடி சண்டை. மீறல் நடந்தால் அறிக்கை எழுதுவதற்கு மேல் அந்தக் கண்காணிப்பாளர்கள் கையில் எதுவும் இல்லை.

அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி. அச்சேயில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒன்றேமுக்கால் லட்சத்தை நெருங்கினார்கள். நாகையில் இருந்தவனுக்கு அந்த நாளை விளக்க வேண்டியதில்லை.

2005 ஜனவரியில் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரி இரு தரப்பையும் ஹெல்சின்கிக்கு அழைத்தார். ஐந்து சுற்று. ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்து. காம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. பதிலுக்கு உள்ளூர்க் கட்சிகள், எண்ணெய் எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம், பொதுமன்னிப்பு.

இதில் பின்வேலைக்கான ஏற்பாட்டைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் நார்வே, சுவிட்சர்லாந்தோடு சேர்ந்து 'அச்சே கண்காணிப்புக் குழு' அமைத்தன. ஆயுதமில்லாத இருநூற்றுச் சொச்சம் பேர். தலைவர் டச்சுக்காரர் பீட்டர் ஃபெய்த், துணைத் தலைவர் ஒரு தாய்லாந்து ஜெனரல். காம் 840 ஆயுதம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாக அரசு வெளிமாகாணப் படையை விலக்கி, முடிவில் 14,700 சிப்பாய், 9,100 போலீஸ் என்ற கணக்குக்குள் நிறுத்த வேண்டும். முதல் தவணை செப்டம்பர் 15 அன்று பண்டா அச்சேயின் பிளாங் பாடாங் மைதானத்தில், ஊர் பார்க்க நடந்தது. துப்பாக்கிகளை வாங்கி, செல்லுமா செல்லாதா என்று பரிசோதித்து, அங்கேயே ரம்பத்தால் அறுத்துப் போட்டார்கள். ஓட்டை உடைசலையும் நாட்டுத் துப்பாக்கியையும் கணக்கில் சேர்க்க மறுத்தார்கள். டிசம்பருக்குள் நான்கு கட்டமும் முடிந்தது.

2006 டிசம்பர் 11 அன்று தேர்தல். காம் தரப்பின் இர்வாண்டி யூசுஃப் சுயேச்சையாக நின்று ஆளுநர் ஆனார். நான்கே நாளில், டிசம்பர் 15 அன்று, குழு கிளம்பிப் போய்விட்டது.

என் மனத்தாங்கல் இங்கேதான். ஒப்பந்தத்தில் மனித உரிமை நீதிமன்றம் இருந்தது, உண்மை ஆணையம் இருந்தது, இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்க்கக் கூட்டு ஆணையம் இருந்தது. குழு போன நாளில் மூன்றில் ஒன்றுகூட ஆரம்பிக்கப்படவில்லை. துப்பாக்கியை எண்ணுவதற்கு இருநூறு பேர் இருந்தார்கள், காணாமல் போனவர்களை எண்ண ஒருவரும் இல்லை. சின்ன அலுவலகமாகவாவது இன்னும் ஐந்தாறு வருடம் இருந்திருக்க வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து?

---

வைகைக்கரை வக்கீல்:

நாகை சார், விவரங்கள் சரி. முடிவில்தான் உடன்பாடில்லை.

அச்சே நிலைத்ததற்குக் காரணம் ஐரோப்பியர்கள் அல்ல. அப்போதைய அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோவும் துணை அதிபர் ஜூசுஃப் கல்லாவும் உள்நாட்டில் செய்த வேலை. பேச்சு நடந்துகொண்டிருந்த 2005 பிப்ரவரியில், சமரசத்துக்கு ஒத்துவராத தரைப்படைத் தளபதி ரியாமிசார்ட் ரியாச்சுடுவை மாற்றினார்கள். ஜகார்த்தா நாடாளுமன்றத்தில் 'இது உள்நாட்டு விவகாரம், ஹெல்சின்கியில் என்ன பேச்சு?' என்று கூச்சல் கிளம்பியது. அந்த நேரத்தில் வெளிநாட்டுக் குழு ஐந்தாறு வருடம் இருக்கும் என்று எழுதியிருந்தால் ஒப்பந்தமே நடந்திருக்காது. கிழக்குத் திமோர் பிரிந்து போய் அப்போதுதான் ஆறு வருடம். வெளிநாட்டுக் குழு என்றாலே 'அடுத்த திமோர்' என்று பயந்த நாடு அது.

குறுகிய காலம் என்பதுதான் அந்தக் குழுவின் பலம். முடிக்கிற தேதி தெரிந்ததால் இரண்டு பக்கமும் வேலையை அதற்குள் முடித்தார்கள். இன்றுவரை போர் திரும்பவில்லை. இதைவிட என்ன அளவுகோல் வேண்டும்?

---

பினாங்குக்காரன்:

ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் ஜார்ஜ் டவுன். இங்கே அச்சே தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. மிளகு வியாபார காலத்தில் இருந்து அச்சேக்காரர்களும் நம் மரைக்காயர்களும் பழகிய இடம். போர்க்காலத்தில் அங்கிருந்து மலேசியாவுக்கு ஓடிவந்தவர்கள் ஏராளம். கோலாலம்பூர் பக்கம் போனால் மளிகைக்கடை வைத்திருப்பவரில் பாதிப்பேர் அச்சேக்காரர்களோ என்று தோன்றும்.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் அப்படி ஒருவர் கடை வைத்திருக்கிறார். பிடி மாவட்டத்துக்காரர். தம்பியை 1990களின் தொடக்கத்தில் அழைத்துப் போனார்கள், திரும்பவில்லை. ஒப்பந்தம் ஆனதும் ஊருக்குப் போய் வந்தார். என்ன பாக் (இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்), நிலைமை எப்படி என்று கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் போக முடிகிறது" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு அத்தனை சந்தோஷம். தம்பியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் தெரியவில்லையாம்.

ஆகவே வக்கீல் சொல்வதும் நடந்தது, நாகை சொல்வதும் நடந்தது. ராத்திரி ரோட்டில் போகிற சுதந்திரம் சின்ன விஷயம் இல்லை, முப்பது வருடம் இல்லாதவர்களுக்குத்தான் அது தெரியும்.

---

தாமிரபரணி:

நான் பெல்ஃபாஸ்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். இந்த ஊருக்கும் அச்சேக்கும் நேரடித் தொடர்பே உண்டு, அதைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

வட அயர்லாந்து ஒப்பந்தம் 1998 ஏப்ரலில் கையெழுத்தானது. இரண்டு வருடத்துக்குள் ஆயுத ஒப்படைப்பு முடிய வேண்டும் என்பது பேச்சு. நடக்கவில்லை. நம்பிக்கை கெட்டுப்போய் எல்லாம் கவிழப் பார்த்த 2000ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐஆர்ஏ என்ற ஆயுத இயக்கத்தின் ரகசிய ஆயுதக் கிடங்குகள் சிலவற்றை வெளியாட்கள் இருவர் நேரில் பார்த்து, 'பூட்டியிருக்கிறது, எடுக்கப்படவில்லை' என்று சாட்சி சொல்ல ஏற்பாடானது. ஒருவர் தென்னாப்பிரிக்காவின் சிரில் ராமபோசா. இன்னொருவர் இதே மார்ட்டி அதிசாரி. ஆயுதத்தை இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதை அவர் இங்கே கண்ணால் பார்த்தவர். ஐந்து வருடம் கழித்து அச்சே ஒப்பந்தத்தில் எண், தேதி, கட்டம் எல்லாம் அவ்வளவு கறாராக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பிளாங் பாடாங்கில் ரம்பம் ஓடி பதினொரு நாள் கழித்துத்தான், 2005 செப்டம்பர் 26 அன்று, கனடா ஜெனரல் ஜான் டி சாஸ்டலேன் இங்கே ஐஆர்ஏ ஆயுத ஒப்படைப்பு முடிந்தது என்று அறிவித்தார். பட்டியல் வெளியிடவில்லை, படம் இல்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் உடனிருந்து பார்த்து, நாங்கள் கண்டோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். அச்சேயில் சுமார் மூன்று மாதத்தில் முடிந்த வேலைக்கு இங்கே ஏழு வருடம் ஆனது.

அந்த ஏழு வருடமும் வெளியாட்கள் போகவில்லை, நாகை அண்ணா கேட்பது அதுதானே? போலீஸ் சீர்திருத்தத்துக்குப் பேட்டன் குழு 175 பரிந்துரை கொடுத்தது. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அறிக்கை போட வட அமெரிக்காவிலிருந்து ஒரு மேற்பார்வை ஆணையர் வந்தார், 2007 வரை அந்தப் பதவி இருந்தது. ஆயுதக் குழுக்கள் அடங்கியிருக்கின்றனவா என்று பார்க்க நால்வர் ஆணையம் 2004இல் அமைந்து, 2011 வரை 26 அறிக்கை எழுதியது. யாரை யார் மிரட்டினார்கள், எந்தக் குழு கடத்தல் பணத்தில் வாழ்கிறது என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அந்தச் சலிப்பான அறிக்கைகளை வைத்துத்தான் 2007இல் பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்ற இயான் பெய்ஸ்லியும் ஐஆர்ஏ-வின் முன்னாள் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் மெக்கின்னஸும் ஒரே அரசில் உட்கார முடிந்தது என்பது என் எண்ணம். பெய்ஸ்லிக்குத் தன் ஆட்களிடம் காட்ட ஒரு காகிதம் தேவைப்பட்டது.

ஆனால் இங்கே வசிக்கிறவளாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். புராட்டஸ்டன்ட்கள் வாழும் ஷாங்கில் ரோடுக்கும் கத்தோலிக்கர்கள் வாழும் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரோடுக்கும் இடையே லனார்க் வே என்று ஒரு தெரு. இரு பக்கத்தையும் பிரிக்கும் சுவரில் பெரிய இரும்புக் கதவு. பகலில் திறந்திருக்கும், ராத்திரி பூட்டிவிடுவார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது சுற்றித்தான் போவாள். அவளுக்கு அது விசித்திரமாகவே தெரியாது, பிறந்ததிலிருந்து அப்படித்தான். 2013இல் பத்து ஆண்டுக்குள் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுவோம் என்றது அரசு. கெடு முடிந்துவிட்டது, பெரும்பாலான சுவர்கள் அப்படியே நிற்கின்றன. 2021 ஏப்ரலில் அதே லனார்க் வேயில் பஸ்ஸை மறித்துக் கொளுத்தினார்கள். எரித்தவர்களில் பலர் ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகள்.

---

வைகைக்கரை வக்கீல்:

தாமிரபரணி அக்கா, நீங்கள் சொன்ன கடைசிப் பத்தியே என் வாதம். இருபத்தைந்து வருடம் அமெரிக்கத் தூதுவர், ஐரோப்பிய நிதி, அயர்லாந்துக்கான சர்வதேச நிதியம் எல்லாம் இருந்தும் வட அயர்லாந்தின் ஸ்டோர்மான்ட் சட்டமன்றம் 2002 முதல் 2007 வரை முடக்கம், 2017 முதல் 2020 வரை முடக்கம், 2022 முதல் 2024 வரை மறுபடி முடக்கம். கொடி, ஊர்வலம், பழைய கொலைகள் பற்றிப் பேச 2013இல் ரிச்சர்ட் ஹாஸை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். அவரும் உடன்பாடு இல்லாமல்தான் திரும்பினார். வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்று தெரிந்தால் உள்ளூர்த் தலைவர்கள் கடைசி நிமிடம் வரை பிடிவாதம் பிடிப்பார்கள். அச்சேயில் அந்த வசதி இல்லை, அதனால் தங்களுக்குள் பேசித் தீர்த்தார்கள்.

---

மட்டுநகர் வாசி:

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எங்கட பக்கத்துக் கதையையும் இதில் வைக்க வேண்டும், ஏனென்றால் அதே சுனாமி, அதே ஆண்டு.

2005 ஜூன் 24 அன்று இலங்கை அரசும் புலிகளும் சுனாமிப் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்து வைத்தார்கள். நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிடுவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். ஜூலை 15 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. ஹெல்சின்கியில் அச்சே உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவித்தது ஜூலை 17. இரண்டு நாள் வித்தியாசம். அந்தக் கிழமை இரண்டு செய்தியையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

கண்காணிப்பு என்று பார்த்தால் எங்களிடம் அச்சேயை விட நீண்ட காலம் ஆட்கள் நின்றார்கள். 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து 2008 ஜனவரி வரை, நோர்வே தலைமையில் நோர்டிக் நாட்டவர்கள். ஆகவே காலம் மட்டும் காணாது. நான் அப்போது பள்ளிக்கூடப் பெடியன். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கண்காணிப்புக் குழு அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போகும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். வெள்ளைக்கார உத்தியோகத்தர் மரியாதையாகக் கதிரை கொடுத்து, எல்லாவற்றையும் எழுதி எடுப்பார். எழுதி எடுத்த பிறகு செய்ய அவருக்கு ஒன்றுமில்லை. மீறல் நடந்தது என்று தீர்ப்புச் சொல்லலாம், அதை ஏற்க வேண்டும் என்று யாரையும் கட்டுப்படுத்த முடியாது. அச்சே உடன்படிக்கையில் பிணக்கு வந்தால் குழுத் தலைவரின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் முழு வித்தியாசமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னொன்று. 2004 மார்ச்சில் கிழக்கில் புலிகளுக்குள் பிளவு ஏற்பட்டபோது, உடன்படிக்கையில் இரண்டு தரப்புத்தான் இருந்தது. மூன்றாவதாக ஒன்று முளைத்தால் என்ன செய்வது என்று ஒரு சொல் இல்லை. பிறகு 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் போட்டது. ஒன்றியத்தில் இருக்கும் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் போக வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். மிஞ்சியது நோர்வேயும் ஐஸ்லாந்தும். கண்காணிக்கும் குழுவுக்குள்ளேயே பக்கச்சார்பு என்ற பேச்சு வந்துவிட்டால் அதற்குப் பிறகு அது இருந்தும் பிரயோசனமில்லை.

---

இளந்தளிர்:

எல்லாரும் ஆயுதம், கண்காணிப்பு என்றே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, அச்சேயில் துப்பாக்கியைக் கொடுத்தவர்களுக்கு அப்புறம் என்ன வேலை கிடைத்தது? இரண்டு, பெண்கள் எங்கே?

---

கடல்நாகை:

இளந்தளிர், முதல் கேள்விக்கான பதிலில்தான் ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை இருக்கிறது. காமுக்கு 3,000 போராளிகள் என்று ஹெல்சின்கியில் எழுதினார்கள். உண்மையான எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு, 2006இல் உலக வங்கி செய்த மதிப்பீடு பதினான்காயிரத்தைத் தாண்டியது. பழி வாங்குவார்களோ என்ற பயத்தில் காம் பெயர்ப் பட்டியல் தர மறுத்தது. ஆகவே 3,000 பேருக்கான பணத்தைத் தளபதிகள் கையில் கொடுத்தார்கள், அவர்கள் பிரித்தார்கள். பத்துப் பேர் பந்தியில் மூன்று இலை போட்ட மாதிரி. தளபதிக்கு நெருக்கமானவர்கள் பின்னால் ஒப்பந்ததாரர் ஆனார்கள், கட்சிக்காரர் ஆனார்கள். காட்டில் சாப்பாடு சுமந்தவன், செய்தி கொண்டுபோனவன் வெறும் கையோடு நின்றான். 2008 மார்ச்சில் மத்திய அச்சேயில் நடந்த கொலைகளையும், 2012 தேர்தலை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூடுகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். 'இனோங் பலே' என்று பெண்கள் படையே காமில் இருந்தது. அந்த 3,000 பேர் கணக்கில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஹெல்சின்கிப் பேச்சில் காம் தரப்பில் ஷாடியா மர்ஹாபான் என்ற ஒரே பெண் இருந்தார். மேசையில் போதுமான பெண்கள் இல்லாத ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதற்கு அச்சே நல்ல பாடம். ஏனென்றால் வீடு எரிந்தது, கணவன் காணாமல் போனது, வன்கொடுமை இதெல்லாம் 'பாதுகாப்பு ஏற்பாடு' என்ற தலைப்பில் வராது. அவை எங்கே வந்திருக்கும்? உண்மை ஆணையத்தில். அது பத்து வருடம் வராமலே கிடந்தது.

வக்கீல் சார் 'போர் திரும்பவில்லை, வேறென்ன அளவுகோல்' என்று கேட்டார். உண்மை ஆணையத்தின் கதையைப் பாருங்கள். அச்சே ஆணையம் தேசிய ஆணையத்தின் கீழ் இயங்கும் என்று சட்டத்தில் எழுதினார்கள். தேசிய ஆணையச் சட்டத்தையே இந்தோனேசிய அரசமைப்பு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ரத்து செய்தது. அதே டிசம்பரில்தான் கண்காணிப்புக் குழு பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை. உள்ளூரிலேயே போராடி 2013இல் மாகாணச் சட்டம் போட்டு, 2016இல்தான் ஆணையர்கள் பதவியேற்றார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலம் பதிவாகியிருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பத்து வருடம் காத்திருந்தன. அதற்குள் எத்தனை தாய்மார் இறந்திருப்பார்கள்.

பிடி மாவட்டத்தில் ரூமோ கெடோங் என்ற வீடு, ராணுவம் சித்திரவதைக் கூடமாக வைத்திருந்த இடம். 1998இல் மக்கள் கொளுத்தியது போக, படிக்கட்டும் சில சுவர்த் துண்டுகளும் மிஞ்சி நின்றன. 2023 ஜூனில் அதிபர் ஜோக்கோ விடோடோ அங்கே போய், பழைய மனித உரிமை மீறல்களுக்கு நிவாரணத் திட்டம் தொடங்கி வைத்தார். வருத்தம் தெரிவித்ததை வரவேற்கிறேன். ஆனால் அவர் வருவதற்கு முன்னால் அந்த எஞ்சிய சுவர்களை இடித்துச் சமப்படுத்திவிட்டார்கள். சாட்சியாக நின்ற சுவர்கள் போய்விட்டன. ஒரு சின்ன சர்வதேச அலுவலகம் ஊரில் இருந்திருந்தால் குறைந்தபட்சம் இடிக்கும் முன் கேள்வியாவது எழுந்திருக்கும்.

---

பினாங்குக்காரன்:

அந்த வீட்டைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

---

நூலகப்பூனை:

கொலம்பியாவைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாகை, வக்கீல் இருவருக்கும் நடுவில் ஒரு வழி அங்கே இருக்கிறது.

அரசும் ஃபார்க் என்ற கெரில்லா இயக்கமும் போட்ட 2016 ஒப்பந்தம் முன்னூறு பக்கத்துக்கு மேல். முதலில் வாக்கெடுப்பில் அரை சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்று, திருத்தி மறுபடி கையெழுத்தானது. அதிலிருந்த வாக்குறுதிகளை 578 உருப்படிகளாகப் பிரித்து, எது முடிந்தது எது தொடங்கவே இல்லை என்று அமெரிக்காவின் நோத்ர தாம் பல்கலைக்கழகத்து க்ராக் நிறுவனம் தொடர்ந்து அறிக்கை போட்டது. இந்த வேலையை அதனிடம் ஒப்பந்தமே ஒப்படைத்திருந்தது. ஐநா சரிபார்ப்புக் குழு 90 நாளுக்கு ஒருமுறை பாதுகாப்பு சபைக்குச் சொல்ல வேண்டும். பிடிவாதமான அரசு வந்தால்கூட அந்த 90 நாள் நிற்காது.

இது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. ஆயுதத்தை ஒப்படைத்த முன்னாள் ஃபார்க் உறுப்பினர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். நிலச் சீர்திருத்தம்தான் எல்லாவற்றிலும் மெதுவாக நகர்கிறது. ஆனால் எது நகரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அச்சேயில் அந்தக் கணக்கைப் பொதுவில் வைக்க ஆள் இல்லாமல் போனது.

---

வைகைக்கரை வக்கீல்:

பூனை சொல்கிற மாதிரி என்றால் எனக்கு ஆட்சேபம் குறைவு. சீருடை போட்ட குழுவோ ஜீப்போ இல்லை, கணக்கு மட்டும். அது ஒரு நாட்டின் இறையாண்மையைத் தொடாது. ஆனால் அந்தக் கணக்கை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதில் என் நிலை அப்படியேதான். உள்ளூர்ப் பல்கலைக்கழகம், உள்ளூர்ப் பத்திரிகை, பாதிக்கப்பட்டோர் சங்கம் எடுத்தால் நிற்கும். நன்கொடை நாடு எடுத்தால் நன்கொடை தீர்ந்ததும் நின்றுவிடும்.

---

பினாங்குக்காரன்:

வக்கீலுக்கு ஆதரவாக ஒரு சம்பவம். 2025 ஏப்ரலில் இந்தோனேசிய உள்துறை அமைச்சகம் நான்கு குட்டித் தீவுகளை அச்சேயிலிருந்து எடுத்து வடக்கு சுமத்ராவில் சேர்த்தது. அச்சேயில் பெரிய கொந்தளிப்பு. அப்போது அவர்கள் கையில் எடுத்தது எது தெரியுமா? ஹெல்சின்கி ஒப்பந்தத்தின் 1.1.4 பிரிவு. 'அச்சேயின் எல்லை 1956 ஜூலை 1 அன்று இருந்தபடியே' என்கிற ஒற்றை வரி. பேச்சு நடந்தபோது பக்கபலமாக இருந்த ஜூசுஃப் கல்லாவே வெளியே வந்து அந்த வரியை நினைவூட்டினார். ஜூன் 17 அன்று அதிபர் பிரபோவோ தலையிட்டுத் தீவுகள் அச்சேக்கே என்று முடித்துவைத்தார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒரு ஐரோப்பியரும் தேவைப்படவில்லை.

எங்கள் கடைக்காரர் அந்த வாரம் முழுக்கப் போனைக் கீழே வைக்கவில்லை. "எழுதி வைத்தது நல்லதாப் போச்சு" என்று வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

---

மட்டுநகர் வாசி:

பினாங்கு அண்ணை, அது நல்ல உதாரணம். ஆனால் அதிலேயே என் சந்தேகமும் இருக்கிறது. எல்லைப் பிரிவு காப்பாற்றப்பட்டதற்குக் காரணம், அதன் பின்னால் முழு மாகாணமும் நின்றது. ஆளுநரே பழைய காம் தளபதி முசாகிர் மனாஃப். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிரிவுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? பழைய தளபதிகளுக்கும் பழைய ஜெனரல்களுக்கும் அந்தக் கதை கிளறப்படாமல் இருப்பதுதான் வசதி. இரண்டு தரப்பும் சேர்ந்து மறக்க விரும்பும் விடயத்துக்குத்தான் மூன்றாம் ஆள் வேண்டும். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

---

தாமிரபரணி:

மட்டுநகர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இங்கேயும் அதே. ஐஆர்ஏ போன்ற ஆயுதக் குழுக்கள் கொன்று ரகசியமாகப் புதைத்தவர்கள் என்று ஓர் அதிகாரபூர்வப் பட்டியல் இருக்கிறது. அவர்களைத் தேட பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து 1999இல் தனி ஆணையம் அமைத்தன. தகவல் கொடுப்பவர் மீது அந்தத் தகவலை வைத்து வழக்குப் போட முடியாது என்று சட்டம். அதனால்தான் சதுப்பு நிலங்களைத் தோண்டிப் பெரும்பாலானவர்களை எடுத்துக் குடும்பத்தாரிடம் கொடுக்க முடிந்தது. இன்னும் சிலர் கிடைக்கவில்லை, தேடல் நிற்கவில்லை. இப்படி ஒரு சின்ன ஆணையம் அச்சேக்குக் கிடைத்திருந்தால் பினாங்கு அண்ணன் சொன்ன கடைக்காரர் போய் நிற்க ஒரு கதவு இருந்திருக்கும்.

நாடுகள் ஒன்றிடம் ஒன்று கற்பது பற்றியும் ஒன்று. 1997இல் வட அயர்லாந்துக் கட்சிக்காரர்களைத் தென்னாப்பிரிக்கா அர்னிஸ்டன் என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனது. பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்கள், ஐஆர்ஏ-வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சியோடு ஒரே அறையில் உட்கார மறுத்தார்கள். தங்குமிடமும் கூட்டமும் தனித்தனி. நெல்சன் மண்டேலாவே இரு தரப்புக்கும் தனித்தனியாகப் பேச வேண்டியிருந்தது. நிறவெறிச் சட்டத்தில் இருபத்தேழு வருடம் சிறையில் இருந்தவர் அதையும் பொறுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் வந்தது. பின்னால் இங்கிருந்தவர்கள் கொலம்பியாவுக்கும் பாஸ்க் நாட்டுக்கும் போய்த் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நாங்கள் இங்கே சறுக்கினோம் என்று எதிரெதிர் தரப்பு இருவர் சேர்ந்து வந்து சொன்னால் கேட்கிறார்கள்.

---

இளந்தளிர்:

அப்படியானால் அச்சேயில் இப்போது கவனிக்க வேண்டியது என்ன? முடிந்துபோன கதையா?

---

கடல்நாகை:

முடியவில்லை. 2008 முதல் மத்திய அரசு அச்சேக்குத் தனியாகச் சிறப்பு நிதி கொடுத்துவருகிறது. தேசியப் பொது ஒதுக்கீட்டில் 2 சதவீத அளவு, பதினைந்து வருடத்துக்கு. 2023 முதல் 1 சதவீதம். 2027 கடைசி. இவ்வளவு பணம் வந்தும் சுமத்ராவிலேயே ஏழ்மை அதிகமுள்ள மாகாணங்களில் அச்சே ஒன்றாக இருப்பது தனி வேதனை. இர்வாண்டி யூசுஃபே 2018இல் ஊழல் வழக்கில் கைதானார். நிதி நின்றால் முதலில் அடிபடுவது மருத்துவக் காப்பீடும் கல்வி உதவியும். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தப் போட்ட 2006 அச்சே ஆட்சிச் சட்டத்தைத் திருத்தி நிதியை நீட்டிக்க வேண்டும் என்று அச்சே கேட்கிறது.

வக்கீல் சார், நீங்கள் சொன்ன இறையாண்மை வாதத்தை மதிக்கிறேன். கையெழுத்தின்போது நீண்ட காலக் குழு கேட்டிருந்தால் ஜகார்த்தா எழுந்து போயிருக்கும் என்பதும் சரியாக இருக்கலாம். ஆனால் இப்போது அந்தப் பயம் இல்லை. இருபது வருடம் யாரும் பிரிந்து போகவில்லை. சட்டத்தைத் திறந்து திருத்தும்போது நிதியை மட்டும் பேசாமல் உண்மை ஆணையத்தின் அறிக்கையையும் மேசையில் வைக்க வேண்டும். அந்த ஐயாயிரம் வாக்குமூலங்களுக்கு என்ன நிவாரணம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். அதை வருடா வருடம் சரிபார்க்க நூலகப்பூனை சொன்ன மாதிரி ஒரு பொதுக் கணக்கு, அதை வைத்துக்கொள்ள அச்சேயின் சியா குவாலா பல்கலைக்கழகம் போல ஓர் உள்ளூர் நிறுவனம், பக்கத்தில் சாட்சியாக ஹெல்சின்கியில் இருந்தவர்களின் ஒரு பிரதிநிதி. இதில் உங்களுக்கு எந்த இடத்தில் ஆட்சேபம்?

---

வைகைக்கரை வக்கீல்:

அந்தப் பிரதிநிதிக்கு வாக்கு இல்லை, பேசும் உரிமை மட்டும் என்றால் ஆட்சேபம் இல்லை. தேதி போடுவதைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன். தேதி போட்டுத் தவறினால் அரசு மேல் மட்டும் பழி விழும், பழைய காம் தளபதிகள் தப்பித்துவிடுவார்கள். இரு தரப்புக்கும் தனித்தனித் தேதி போடுங்கள், பிளாங் பாடாங்கில் ஆயுதத்துக்கும் படை விலகலுக்கும் போட்ட மாதிரி. அதை ஏற்றால் நான் உங்கள் பக்கம்.

---

மட்டுநகர் வாசி:

தளபதிகளுக்கும் தேதி என்றால் நானும் உங்கள் பக்கம். அவர்கள் ஆட்களே கொன்று புதைத்த இடங்களும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.